சோற்றில் கிடந்த முடி

அடுக்களையில் எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அடங்கியது.

முன்னறையில் அப்பாவுக்குத் தண்ணீர் நீட்டிய நித்யா அடுக்களைப் பக்கம் திரும்பினாள். ஆடி மாதத்திலிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம்தான். ஆனால் இன்றுமா? கடவுளே, இன்றுமா?

"சோத்துல முடி!" மாமியார் சுடலைவடிவு கத்திக்கொண்டே வந்தாள். "நீளமா, கரேர்னு கெடக்கு! அண்ணாச்சி, உங்க மக போட்ட சோத்த நீங்களே வந்து பாருங்க!"

பிச்சைக்கண்ணு சோற்றைப் பார்க்கப் போகவில்லை. மகளின் தலையைப் பார்த்தார். சந்தனம் பூசிய மொட்டைத் தலை.

முந்தின நாள்தான் திருச்செந்தூரில் முடி இறக்கியிருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தல். ஊராரிடம் வேண்டுதல் என்று சொன்னாள். கத்திக்குத் தலை குனிந்தபோது அப்பாவிடம் மட்டும், "இருந்தாத்தானப்பா விழும்" என்றாள். விக்கிரமசிங்கபுரம் மில்லின் இரைச்சலிலேயே வயதைக் கழித்த அந்த மனிதர் சத்தமே இல்லாமல் அழுதார். காலையில் மருமகளின் கோலத்தைக் கண்ட சுடலைவடிவு சொன்னது ஒன்றுதான்: "மொட்ட போட்டா சமையல் சுத்தமாயிருமோ?"

சுடலைவடிவு கெட்டவள் அல்ல. சேரன்மகாதேவியில் சின்ன வயதிலேயே தாலியை இழந்தவள். நாற்று நட்டாள். பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள். ஒற்றை மகன் செந்தில்முருகனை அப்படித்தான் ஆளாக்கினாள். அவள் பொங்கிய சோற்றில் கல் கிடந்தது, முடி கிடந்தது என்று எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. அந்தப் பெருமை ஒன்றுதான் அவள் சேர்த்த சொத்து. அதனால்தான் மருமகள் கையால் போட்ட சோற்றில் கருப்பாக ஏதோ நெளிந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. எடுக்கப்போனால் விரலுக்குத் தப்பி நழுவும். ஆத்திரத்தில் தட்டையே கவிழ்த்துவிடுவாள்.

"தங்கச்சி" என்றார் பிச்சைக்கண்ணு, பைய. "இந்த வீட்டுல நீளமா கருப்பு முடி யாருக்கு இருக்கு? உங்க தல வெள்ளை. மாப்பிள்ளைக்குக் கிராப்பு. எம் மவ தலைய நீங்களே பாருங்க. அப்ப அது யாரு முடி?"

சுடலைவடிவு அவர் பக்கம் உற்றுப் பார்த்தாள். பிறகு சட்டென்று விரலை நீட்டினாள்.

"அந்தா, உங்க வேட்டில ஒட்டிருக்கு!"

வெள்ளை வேட்டியில் ஒன்றுமே இல்லை.

"இல்ல, சுவத்துக்குப் போயிட்டு. அங்கன பாரு! ஏலே செந்திலு, ஒனக்குத் தெரியலயா லே?"

சாப்பிட்ட கையோடு ஓடிவந்த செந்தில்முருகன் சுவரைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனது.

நித்யா மாமியாரின் அருகில் போனாள். எந்தக் கண்ணில் கோளாறு என்று பார்க்க, முதலில் அவளுடைய வலது கண்ணை உள்ளங்கையால் மூடினாள்.

"இப்ப என்னப் பாருங்க அத்த."

"எங்கட்டி நிக்க? ஏன் இப்படி இருட்டிட்டு வருது?"

வெளியே உச்சிவெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

திருநெல்வேலிக் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "சுகர் இருக்கிறது தெரியுமா? ஒரு தடவைகூடக் கண்ணைக் காட்டலையா?"

"கண்ணு வலிக்கவே இல்லயேம்மா."

"வலிக்காதும்மா. அதுதான் இதுல கொடுமை. சர்க்கரை கூடிக்கூடி விழித்திரையில இருக்கிற சின்னச்சின்ன ரத்தக்குழாய் எல்லாம் கெட்டுப்போச்சு. கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. நீங்க முடின்னு பார்த்தது அந்த ரத்த இழையைத்தான்."

"நான் சீனியத் தொடவே இல்ல தாயி! சர்க்கரைன்னு சொன்ன அன்னைக்கே கருப்பட்டிக் காப்பிக்கு மாறிட்டேன். பெறவு மாத்திரை எதுக்குன்னு அதயும் விட்டுட்டேன்."

"ரத்தத்துக்குள்ள போனா கருப்பட்டியும் சர்க்கரைதான்." டாக்டரம்மாவின் குரல் தாழ்ந்தது. "இடது கண்ணுல இனி பழைய பார்வை வர்றது கஷ்டம். வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருச்சு. திங்கக்கிழமையே லேசர் வச்சா அதையாவது நிறுத்திப் பார்க்கலாம்."

செந்தில்முருகன் சுவரில் சாய்ந்துவிட்டான். இத்தனை நாளும் அம்மாவின் பேச்சை நம்பிப் பெண்டாட்டியைத் திட்டியவன் அவன்.

வீடு திரும்பியதும் பிச்சைக்கண்ணு உட்காரவில்லை. "துணிமணிய எடும்மா. நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றார்.

சுடலைவடிவு தடுக்கவில்லை. "போ தாயி. ஒன்னைய இருன்னு சொல்ல எனக்கு வாய் ஏது? செய்யாத குத்தத்துக்கு ஒன்ன ஊர் பூரா நாறடிச்ச பாவி நான்!" அழுதுகொண்டே மருமகளின் கையைத் தேடினாள். நித்யா கையை இழுத்துக்கொண்டாள்.

அந்தச் சின்ன அசைவு மட்டும் சுடலைவடிவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நீங்க மட்டும் போங்கப்பா" என்றாள் நித்யா. "லேசருக்குக் கூட ஆள் வேணும்னு டாக்டர் சொல்லிருக்காவ. அந்த ஒரு கண்ணாவது நிக்கட்டும். பெறவு நானே அங்க வாரேன்."

"வந்து? மறுபடி இங்கன திரும்புவியா?"

"அத இப்ப கேக்காதீங்க. எனக்கே தெரியல."

செந்தில்முருகன் தலையைத் தூக்கவில்லை. பிச்சைக்கண்ணு செருப்பை மாட்டினார்.

"அண்ணாச்சி..." சுடலைவடிவு கூப்பிட்டாள். அவர் நின்றார். ஆனால் திரும்பவில்லை. வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

அப்பா தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நித்யா கதவைச் சாத்தினாள்.