தெற்கே பார்த்த சோபா

செருப்பை வாசலில் கழற்றிவிட்டுச் சுருளி கடைக்குள் வந்தார். பழங்காநத்தத்தில் அழகுராஜா வைத்திருக்கும் சோபாக் கடை அது. முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. ஒரு சோபாவில் உட்கார்ந்தார், எழுந்தார், அடுத்ததில் உட்கார்ந்தார். பிறகு அதன் முதுகைச் சாய்க்கச் சொல்லிக் கட்டிலாக்கி, மல்லாந்து படுத்துக் காலை நீட்டினார். கால் நீண்டதும் கண் தானாக மூடிக்கொண்டது.

“அண்ணே, சோபா பாக்க வந்தீகளா, தூங்க வந்தீகளா?” என்றான் அழகுராஜா.

“ரெண்டும் ஒண்ணுதான்டா தம்பி. தூக்கம் வந்தாத்தான அது நல்ல சோபா.”

சுருளி சொன்னது விளையாட்டுக்கு இல்லை. நாகமலை புதுக்கோட்டைக்காரரான அவர், மீசை சரியாக முளைக்கும் முன்பே ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். மகன் சேற்றில் இறங்காமல் வண்டியில் ஏறியதே அவர்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஆரப்பாளையத்தில் சுற்றுலா வேன் வைத்திருந்த முதலாளி ஒருவரிடம் சேர்ந்தார். ராமேஸ்வரம், திருச்செந்தூர், கொடைக்கானல், மூணாறு என்று வருடம் முழுக்க ஓட்டம். வந்தவர்களை லாட்ஜில் இறக்கிவிட்டு அவர் வண்டியிலேயே படுத்துக்கொள்வார். படுப்பது என்று சொன்னாலும் அது படுப்பது இல்லை. சீட்டில் சாய்ந்து, ஒரு காலை டாஷ்போர்டின் மேல் வைத்து, இன்னொரு காலை ஜன்னல் வழியாக வெளியே விட்டுக்கொள்வார். அவர் ஓட்டிய வேனில் எத்தனையோ பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியிருக்கிறார்கள். ஓட்டியவருக்கு மட்டும் வண்டியில் கால் நீட்ட இடம் இருந்ததில்லை.

கால் நீட்டுவதெல்லாம் வீட்டுக்கு வந்தால்தான். ஆனால் அவர் வீட்டுக்கு வருகிற நேரத்தில் மனைவி தங்கப்பொண்ணு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். ஒரு கல்லூரி விடுதியின் சமையல்கட்டில் அவளுக்கு வேலை. விடிவதற்கு முன்பே இட்லிக் கொப்பரைகளை ஏற்ற வேண்டும். அவள் திரும்பி வரும்போது இவர் அடுத்த சவாரிக்குப் போயிருப்பார். இப்படியே ஓடி மகள் தமிழ்வாணி வளர்ந்து, படித்து, கல்யாணமாகித் தேனிக்குப் போய்விட்டாள். மகள் போன பிறகுதான் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம் என்பதே சுருளிக்குத் தெரிந்தது. அவர்களுக்குள் சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போடுவதற்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டுமே.

சில வருடங்களுக்கு முன் கன்னியாகுமரியில் அவர் ஒரு காட்சியைப் பார்த்தார். அவர் கூட்டிக்கொண்டு போனவர்கள் சூரிய உதயம் பார்க்கப் போயிருந்தார்கள். பக்கத்தில் வெளிமாநில நம்பர் போட்ட ஒரு வேன் நின்றது. பின்கதவு கடலைப் பார்க்கத் திறந்திருந்தது. உள்ளே ஒரு மெத்தை. அதில் நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும் படுத்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசவில்லை, போட்டோ எடுக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தவர் படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டது போல இருந்தது. ஆனால் அந்தக் காட்சி அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. தங்கப்பொண்ணு கன்னியாகுமரியைப் பார்த்ததில்லை. ஊர் உலகத்தையெல்லாம் அங்கே கொண்டுபோய் இறக்கியவரின் மனைவி கடலையே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். மகளுக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போனபோது.

அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கிப் படுக்கை வண்டியாக மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வந்தது. ஒன்றை வாங்கியும்விட்டார். இப்போதெல்லாம் குடும்பமாக வந்து இப்படிப்பட்ட வண்டியை வாடகைக்குக் கேட்கிறார்கள், இதில் நல்ல பிசினஸ் இருக்கிறது என்று தங்கப்பொண்ணுவிடம் சொன்னார். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் அதுவே இல்லை. வண்டி தயாரானதும் முதல் ஓட்டத்துக்கு அவளைக் கூப்பிட வேண்டும். அவள் வருவாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் கூப்பிடாதவன் இன்றைக்குக் கூப்பிட்டால், எனக்கு வேலை இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாளோ என்று பயந்தார். அதனால் வாயால் கேட்பதற்குப் பதிலாக ஒரு நல்ல சோபாவைப் போட்டுவிட்டால், அவளே ஏறி உட்கார்ந்து பார்த்து, அவளாகவே வருகிறேன் என்று சொல்லிவிடுவாள் என்று நம்பினார். சோபாவுக்கு அவர் இவ்வளவு மெனக்கெட்டதன் காரணம் அதுதான்.

கண்ணைத் திறந்து, தான் படுத்திருந்ததையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பகலில் நான்கு பேர் உட்காரலாம், முதுகைச் சாய்த்தால் கட்டில். தலைமாட்டில் தலையணை போல ஃபோம் மேடாக வைத்துத் தைத்திருந்தது. கொப்பரை தூக்கித் தூக்கித் தங்கப்பொண்ணுக்குக் கழுத்து வலி. அந்த மேடு அவளுக்கு இதமாக இருக்கும் என்று நினைத்தார். அழகுராஜாவிடம் அதைச் சொல்லவில்லை. கலர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். தலைமாடு டிரைவர் சீட்டுப் பக்கமும் கால்மாடு பின்கதவுப் பக்கமும் வரும்படி இரண்டு நாளில் பொருத்திக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். அவர்கள் தெரு குறுகலான முட்டுச் சந்து. வண்டியை முன்பக்கமாக நுழைத்து அப்படியே நிறுத்துவதுதான் சுலபம். தங்கப்பொண்ணு வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டு நின்றாள். ஏறிப் படுத்துப் பார்க்கச் சொன்னார்.

“ரோட்டுல நிக்கிற வண்டியில படுக்கச் சொல்றீங்களே. பாக்குறவுக சிரிக்கப் போறாக” என்றாள். ஆனாலும் ஏறினாள். அவர் திரையை இழுத்துவிட்டார். மேற்குப் பக்கத்துத் திரை மட்டும் இன்னும் மாட்டவில்லை. அவள் படுத்து, கழுத்தை அந்த மேட்டில் வைத்து, ஒரு பெருமூச்சு விட்டாள். நல்லாத்தான் இருக்கு, கழுத்துக்கு இதமா இருக்கு என்றாள். கேட்டுவிட இதுதான் நேரம் என்று சுருளி தொண்டையைச் செருமினார்.

அதற்குள் தங்கப்பொண்ணு வலது பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஜன்னல் வழியாக இறங்குகிற வெயில் அவள் கண்ணில் அடித்தது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“இது வடக்குல்ல?”

“எது?”

“தலைமாடு. வடக்க தலை வச்சா படுக்கச் சொன்னீங்க?”

சுருளிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் மனிதர்கள் வீட்டுக்குள் பாயை விரிக்கும்போதே எங்குட்டுத் தலை வைப்பது என்று பார்த்துத்தான் விரிப்பார்கள். பிணத்தைத்தான் வடக்கே தலை வைத்துக் கிடத்துவது வழக்கம் என்று சின்னப் பிள்ளைக்கும் சொல்லி வைத்திருப்பார்கள். சுருளியும் வீட்டில் அப்படிப் படுத்தவர் இல்லை. ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் அவருக்கு முன்னால், பின்னால் என்ற இரண்டு திசைதான். உட்கார்ந்தே தூங்கிய மனிதருக்கு வண்டிக்குள் தலைமாடு, கால்மாடு என்று ஒன்று இருந்ததே இல்லை. அதனால் யோசிக்கவும் தோன்றவில்லை.

சமாளித்துப் பார்த்தார். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் சரியாகப் போகும் என்றார். வடக்கே பார்த்து நிறுத்தினால்தான் தப்பு, மற்ற மூன்று பக்கமும் நல்ல திசைதான் என்றார்.

“வாடகைக்கு எடுக்குறவுககிட்ட அதச் சொல்லித்தான் அனுப்புவீங்களா? பார்க்கிங்ல விசிலடிக்கிறவன் எங்குட்டுக் கை காட்டுறானோ அங்குட்டுத்தான நிறுத்த முடியும்.”

அவள் சொன்னது சரி. எத்தனையோ பார்க்கிங்கைப் பார்த்த அவருக்கே அது தெரியும். இவ்வளவு நாள் உள்ளே வைத்திருந்தது வாயிலிருந்து நழுவியது.

“கன்னியாகுமரியில அவுக நல்லாத்தான படுத்திருந்தாக.”

எவுக என்று அவள் கேட்டாள். வேறு வழியில்லாமல் சொன்னார். வெளிமாநில வண்டி, திறந்த பின்கதவு, பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் புருஷன் பெண்டாட்டி, எல்லாவற்றையும். கேட்டு முடித்த தங்கப்பொண்ணு, அந்த வண்டி நின்ற இடத்தில் கடல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். தெற்கே என்றார். கதவு கடலைப் பார்க்க, கால் கதவைப் பார்க்க. அவள் கையைத் தெற்கே நீட்டி, பிறகு வடக்கே காட்டினாள்.

“அப்ப அவுக தலை வடக்கத்தான் இருந்திருக்கும். அந்தக் கடலைப் படுத்துக்கிட்டுப் பாக்கணும்னா வேற வழியே இல்ல.”

சுருளி மனதுக்குள் வண்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் கால் தெற்கே போனால் தலை வடக்கேதான் வந்தது. வருடக்கணக்காக அவர் பொத்திப் பாதுகாத்த காட்சி ஒரு நிமிடத்தில் ஆகாத ஒன்றாகிவிட்டது. முகம் விழுந்துபோனது.

“அவுக எப்படிப் படுத்தா எனக்கென்ன” என்றாள் அவள், குரலை இறக்கி. “நீங்க எதுக்கு அத இம்புட்டு நாளா மனசுல வச்சிருந்தீங்க?”

“உன்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போகணும்னுதான்.”

“பிசினஸுன்னு சொன்னீங்க?”

“பிசினஸுந்தான்.”

தங்கப்பொண்ணு வண்டியை விட்டு இறங்கி, அரிசி களையப் போய்விட்டாள். சுருளி அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். கேட்டாயிற்று, பதில் வரவில்லை. கோபமா, வருத்தமா என்றும் தெரியவில்லை. ஒரு மனிதன் தன் மனைவியின் முகத்தைப் பார்த்து அவள் என்ன நினைக்கிறாள் என்று கண்டுபிடிக்கப் பழகியிருக்க வேண்டும். அதற்குக் கூடவே இருந்திருக்க வேண்டும். எதிரே வருகிற லாரி வலது பக்கம் ஏறுமா ஏறாதா என்று தூரத்திலேயே கண்டுபிடிக்கிற அவருக்கு அந்தப் பழக்கம் மட்டும் வாய்க்கவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமை சோபாக் கடைக்கு நானும் வாரேன் என்றாள். அவருக்கு அதை வைத்தும் ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. கடைக்கு வருவது வேறு, கன்னியாகுமரிக்கு வருவது வேறு.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனதும் சுருளி பொருத்திய சோபாவை மாற்ற வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். காரணத்தைக் கேட்ட அழகுராஜா சிரிக்கவில்லை. வீட்டுக் கட்டில் என்றால் வாங்குகிறவர்களே திசை பார்த்துப் போட்டுக்கொள்வார்கள், வண்டிக்கு எனக்கும் தோணலையே அண்ணே என்று தலையைச் சொறிந்தான். தங்கப்பொண்ணு கடையைச் சுற்றி வந்தாள். சுருளியைப் போல அவள் எதிலும் படுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்தால் கால் தரையில் படுகிறதா, முதுகு சாய்கிறதா, இரண்டு பேர் உட்கார்ந்தால் நடுவில் குழி விழுகிறதா என்று கையால் அமுக்கிப் பார்த்தாள்.

கடைசியில் மூலையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கிடந்த ஒன்றின் முன் நின்றாள். சாதாரண சோபா. ஆனால் அதன் முதுகை இந்த ஓரத்திலிருந்து தூக்கி அந்த ஓரத்தில் நிறுத்தலாம். வண்டி ஓடும்போது முன்பக்கம் பார்த்து உட்காரலாம். நிறுத்திய பிறகு முதுகை மாற்றிப் போட்டால் பின்கதவைப் பார்த்து உட்காரலாம். முதுகைப் படுக்கவைத்தால் மேடு பள்ளம் இல்லாத கட்டில். எந்தப் பக்கமும் தலை வைக்கலாம்.

“அக்கா, இந்த மாடலை யாரும் சீண்டவே இல்ல” என்றான் அழகுராஜா. “பாக்க எடுப்பா இல்லைன்னு ஒதுக்கிப் போட்டுருந்தேன்.”

சுருளிக்கு மனசில்லை. “இதுல தலைமாட்டுல மேடு இல்லையே தங்கம். உன் கழுத்து என்னத்துக்காகும்?” என்று கேட்டுவிட்டார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அன்றைக்கு அந்தச் சோபாவை எதற்காக எடுத்தார் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு சோபாவின் பிளாஸ்டிக் தாளை விலக்கி, முதுகைத் தூக்கி மறுபக்கம் மாட்டினாள்.

“கழுத்துக்கு ஒரு தலகாணி வச்சுக்கிறேன்” என்றாள். “கடல உக்காந்து பாத்துக்கிரலாம். அதுக்குப் படுக்கணும்னு என்ன இருக்கு? ஹாஸ்டல் லீவு விட்டதும் போவோம். வாடகைக்கு எவனும் கேட்டு வாரதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துருவோம். ஆனா ஒண்ணு, அங்க வந்து நான் அடுப்புப் பத்த வைக்க மாட்டேன். சொல்லிப்புட்டேன்.”

சுருளி தலையை மட்டும் ஆட்டினார். தங்கப்பொண்ணு சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். சோபாவின் முதுகு மாறியிருந்ததால் இரண்டு பேருக்கும் எதிரே கடைவாசலும் ரோடும் தெரிந்தன. டவுன் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போயின. இருவரும் அதையே பார்த்தார்கள்.

வண்டியில் ஏற்றிவிடட்டுமா என்று அழகுராஜா வந்து கேட்டான். இருவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.

“கொஞ்ச நேரம் இருக்கட்டும்டா தம்பி” என்றார் சுருளி.