பலகை மேல் முக்கால் கூடை

மாஸ்டர் இறந்த செய்தி வந்தபோது நான் பலகை மேல் நடந்துகொண்டிருந்தேன். தலையில் மணல் கூடை. ஆற்று மணலிலிருந்து லாரிக்குச் சாய்த்துப் போட்டிருக்கும் பலகை அது, காலை வைத்தால் நடுவில் துள்ளும். கரையில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்த பஸ் கண்டக்டர் தாவூது, "அக்கா, மஸ்தான் மாஸ்டர் மௌத்தாயிட்டாருக்கா" என்றான். நான் நிற்கவில்லை. பாதிப் பலகையில் நின்றால் விழுந்துவிடுவோம். மேலே போய்க் கூடையைக் கவிழ்த்துவிட்டு, இறங்கி வந்து, அப்புறம்தான் மணலில் உட்கார்ந்தேன்.

மாஸ்டரிடம் பழகியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்த்து வைப்போம் என்று முடிவு செய்து, என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்கெல்லாம் தெரியும், மாஸ்டர் பகலில் பாலக்கரையில் தகரப் பெட்டி செய்வார். விடிந்ததும் சிந்தாமணிக் கரையில் அந்தக் கீற்றுக் கொட்டகையில் பளு தூக்கக் கற்றுக்கொடுப்பார். என் வீட்டுக்காரர் மாரிமுத்துவும் அங்கே போனார். மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள் அவர். "நாள் பூரா தூக்குறது போதாதா பாய், காலையிலயும் தூக்கணுமா?" என்று ஒருமுறை மாஸ்டரிடம் கேட்டேன். "மூட்டை தூக்குனா முதுகு வளையும் தங்கச்சி. இரும்பு தூக்குனா நிமிரும்" என்றார்.

ஒருநாள் காலையில் தன் ஆட்களை எல்லாம் கூட்டிக்கொண்டு நாங்கள் மணல் ஏற்றும் இடத்துக்கு வந்தார். நானும் என்னோடு மணல் சுமக்கும் முனியம்மாவும் பலகை ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "பாருங்கடா. பலகை ஆடுது, கூடை ஆடுதா? நீங்க தரைய மிதிக்கிறீங்க. இவங்க கால் தரையக் கேட்டுக் கேட்டு வைக்குது" என்றார்.

முனியம்மா சும்மா இருப்பாளா? "காலப் பாத்தது போதும் பாய். வந்ததுக்கு ரெண்டு கூடை தூக்கி விட்டுட்டுப் போங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த லாரி நிறையும்வரை கூடை தூக்கிவிட்டார்.

அடுத்த வாரமே கொட்டகையில் ஒரு பனந்துண்டை உருட்டிப் போட்டு, அதன் மேல் பலகையைக் குறுக்கே வைத்துவிட்டார். அதில் ஏறி நின்றுதான் இரும்பைத் தூக்க வேண்டும். அங்கே பழகிக்கொண்டிருந்த தாவூது முதல் நாள் மூன்று தடவை விழுந்தான். "ஆடுற பலகையில தூக்கிப் பழகுனவன், ஆடாத தரையில இன்னும் பெருசா தூக்குவான்" என்று மாஸ்டர் சொன்னார். எல்லோரும் நம்பினோம்.

அந்த வருஷம்தான் அரியமங்கலத்துப் பட்டறை ஒன்றில், பளு தூக்கும் போட்டியில் ஜெயிக்கிறவருக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்கள். இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. என் வீட்டுக்காரருக்கு அதுதான் கடைசி வருஷம். "வேலை கிடைச்சுட்டா நீ அந்தப் பலகைய விட்டு இறங்கிடலாம்" என்று என்னிடம் சொன்னார். அதற்கு முந்திய வருஷமே தரையில் நின்று இருநூறு ராத்தல் தலைக்கு மேல் தூக்கியவர் அவர்.

ஆறு மாதம் பலகையிலேயே பழகினார். காலையில் நான் கஞ்சிச் சட்டியோடு போவேன். பார்த்துக்கொண்டே நிற்பேன். பலகை மேல் அவரால் நூற்றிருபது, நூற்றுமுப்பது ராத்தலுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பலகை ஏறும்போது நாங்கள் கூடையை முக்கால்தான் நிரப்புவோம். மண் தரையில் நடப்பதென்றால் தலை தட்ட நிரப்புவோம். ஆடுகிற இடத்தில் பாதி பலம் விழாமல் நிற்பதற்கே போய்விடும். வருஷம் முழுக்க முக்கால் கூடையே தூக்கினவளுக்கு, ஒருநாள் முழுக் கூடையை ஏற்றினால் கழுத்து தாங்காது. இதைச் சொல்ல வேண்டுமென்று தொண்டை வரை வந்தது. மாஸ்டருக்குத் தெரியாததா என்று கஞ்சியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போட்டியன்று நானும் போயிருந்தேன். நூற்றுத்தொண்ணூறு ஏறியது. இருநூறு நெஞ்சு வரை வந்து நின்றுவிட்டது. மூன்று முறையும் அப்படியே. அவர் கால் துளிகூட ஆடவில்லை, கைதான் மேலே போகவில்லை. ஜீயபுரத்துக்காரர் ஒருவர் இருநூறைத் தூக்கினார். அவர் பலகையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்குப் பாலம் வழியாக நடந்தே வந்தார். அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் போகவில்லை. மாஸ்டர் எதிரே வந்தால் தெரு மாறிப் போனார்.

போட்டி முடிந்த மூன்றாம் நாள் மாஸ்டர் ஆற்றுக்கு வந்தார். "தப்பு என்னோடது தங்கச்சி. அவன்ட்ட சொல்லப் போனேன், கதவச் சாத்திட்டான்" என்றார். நான் அழுதுகொண்டே முக்கால் கூடை விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்படியே மணலில் குந்திவிட்டார்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க மாஸ்டரு. நான் மண்ணு சுமக்கிறவ."

"நான் ஒருநாள் வந்து பாத்துட்டுப் போனவன்மா. நீ தெனம் ஏறுறவ. யார் யாருக்குச் சொல்லணும்?"

மறுநாளிலிருந்து கொட்டகையில் கனமான இரும்பைத் தரையில்தான் தூக்கினார்கள். பலகையை அவர் தூக்கி எறியவில்லை. கால் சுளுக்கினவனை, பாதம் உறுதிப்படாதவனைச் சின்ன இரும்போடு அதில் ஏற்றினார். தாவூதின் கணுக்கால் பிசகியபோது அந்தப் பலகைதான் அவனை நடக்க வைத்தது. புதிதாக எதையாவது செய்யப் பார்த்தால் மாஸ்டர் என்னைத் தேடி ஆற்றுக்கு வருவார். "தங்கச்சி, இது முக்கால் கூடையா, முழுக் கூடையா?" என்று கேட்பார். நான் தெரிந்ததைச் சொல்வேன். அப்புறம் எத்தனையோ பேர் அந்தக் கொட்டகையிலிருந்து வேலைக்குப் போனார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் வயது தாண்டிவிட்டது.

நோன்பு மாதத்தில் மாஸ்டர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி வரும். நானும் பிள்ளைகளும் குடிப்போம். என் வீட்டுக்காரர் திரும்பிப் படுத்துக்கொள்வார். பதினோரு வருஷம் இப்படியே போனது.

தாவூது சொன்ன அன்றைக்கு நான் நேரே மண்டிக்குப் போய் அவரிடம் சொன்னேன். மூட்டையை இறக்கி வைத்தார். கை கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு நடந்தார். மதியம் கோடை மழை கொட்டியது. சாயங்காலத் தொழுகை முடிந்து மாஸ்டரை எடுத்தார்கள். கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. நான் வீட்டில் காத்திருந்தேன். முழங்கால் வரை சேற்றோடு அவர் வந்தார்.

"கபர்ஸ்தான் வாசல்ல ஒரே சேறு. முன்னாடி தோள் குடுத்த ரெண்டு பேருக்கு வழுக்கிருச்சு. சந்தூக்குப் பெட்டி சாஞ்சுது. நான் பூந்து தாங்கிக்கிட்டேன்" என்றார்.

"நீங்க வழுக்கலியா?"

அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல. குழி வரைக்கும் தோள் மாத்தவே இல்ல. இந்தக் கால அவருதானே பழக்குனாரு." சேற்றைக்கூடக் கழுவாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பது, "யார் யாருக்குச் சொல்லணும்?" என்ற அந்தக் கேள்விதான். பலகைக்கு யாராவது கூடையைத் தலை தட்ட நிரப்பினால் இப்போது நான் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை. மேஸ்திரி முறைத்தாலும், "முக்கால் போதும்" என்கிறேன். அன்று காலை கஞ்சிச் சட்டியோடு நின்றேனே, அப்போது இதைச் சொல்லியிருந்தால், இந்தப் பதினோரு வருஷமும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.