மூக்கக்காவும் என் லாவண்டர் திட்டமும்

எங்கள் மருத்துவமனையில் ஊழியர் நல அதிகாரி என்று ஒரு பதவி உண்டு. ஊழியர்களுக்கு நலம் இல்லை என்று தெரிந்த பிறகு உண்டாக்கிய பதவி அது. அதில் உட்கார்ந்திருப்பவன் நான். நான் வந்த பிறகும் நிலைமையில் பெரிய மாற்றம் இல்லை என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸை எல்லோரும் மூக்கக்கா என்பார்கள். பார்த்தால் இருக்கிற இடமே தெரியாத சப்பை மூக்கு. ஆனால் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே, புண் சீழ் வைக்கிறதா ஆறுகிறதா என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவரும் மூக்கு. டாக்டர்கள் பரிசோதனை முடிவு வந்த பிறகு ஒப்புக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் கணவர் ஒளித்துப் பிடித்த சிகரெட்டை அவர் மாடிப்படி ஏறும்போதே கண்டுபிடித்தாராம். கணவர் அன்றோடு விட்டுவிட்டார், பொய் சொல்வதை.

அந்த மூக்கக்கா ஒரு நாள் காலை என் மேஜையில் ராஜினாமாக் கடிதத்தை வைத்தார். இரண்டே வரி. மாதக் கடைசியில் விடுவிக்க வேண்டும்.

"உடம்புக்கு ஏதாவதா சிஸ்டர்?"

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு சார். வீட்டுக்குப் போனா யார் பேசினாலும் எரிஞ்சு விழறேன். நேத்து என் பொண்ணு சொல்றா, 'உனக்கு மகளா பொறந்ததுக்குப் பேஷன்ட்டா பொறந்திருக்கலாம்மா'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குத்தான் சிரிப்பு வரல."

"என்ன வேணும், சொல்லுங்க."

"அரைமணி நேரம். உக்காந்து சாப்பிடணும். நடுவுல யாரும் கூப்பிடக் கூடாது."

அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டேன். கீழே 'மன அழுத்தம்' என்று எழுதி, இரண்டு கோடு போட்டேன்.

"அவங்க போனா அந்த வார்டே படுத்துடும்யா, ஏதாவது பண்ணு" என்றார் டைரக்டர். நானோ அப்போதுதான் இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தேன். லாவண்டர் எண்ணெயை முகர்ந்தால் மனம் இளகும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஆக, கையில் மருந்து இருந்தது, நோயாளிதான் பாக்கி.

பழைய சாமான் அறை ஒன்றைக் காலி செய்து அமைதி அறை ஆக்கினேன். இரண்டு மெத்தை நாற்காலி, மங்கலான விளக்கு, வாசனைப் புகை விடும் சின்ன இயந்திரம். டைரக்டர் ரிப்பன் வெட்டினார். முதல் வாரம் அங்கே வந்தவர் ஒருவர்தான். நன்றாகத் தூங்கினேன்.

வார்டை விட்டு நர்ஸ்கள் நகர முடியவில்லை என்பதே காரணம். படித்தவன் இல்லையா, உடனே ஒரு முடிவுக்கு வந்தேன்: நர்ஸ் வாசனையிடம் வராவிட்டால் வாசனை நர்ஸிடம் போகவேண்டும். எண்ணெயில் நனைத்த பஞ்சு வில்லையைப் பதினான்கு சட்டைக் காலர்களில் குத்தினேன்.

"எனக்குத் தலைவலித் தைலம் வாங்கிட்டு வரச் சொல்லி நாலு நாளாச்சு. ஊருக்கெல்லாம் எண்ணெய் போடறீங்களாக்கும்" என்றாள் வீட்டில் என் மனைவி.

மூக்கக்கா வில்லையை உற்றுப் பார்த்தார். "வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா வார்டுக்குள்ள வேணாமே சார்."

"ஒரு வாரம் பாருங்க சிஸ்டர்."

"சரி. போற நேரத்துல உங்க மனசை ஏன் நோகடிக்கணும்."

நான்காம் நாள் மதியம் அந்த வில்லையை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"ஒம்பதாம் நம்பர் கட்டில்ல, காலில் புண்ணோட ஒரு பஸ் டிரைவர் இருக்காரில்ல? காலையிலேர்ந்து ரெண்டு தடவை பக்கத்துல போய் நின்னேன். ஒண்ணும் தெரியல. ஆனா அவர் மூஞ்சி சரியில்ல. மறுபடி போனேன், அப்பவும் தெரியல. சரி, வயசாயிடுச்சு, மூக்கும் போச்சுன்னு பாத்ரூம்ல நின்னு அழுதேன் சார். மூஞ்சி கழுவறதுக்காக இதைக் கழட்டினேன். திரும்பி வார்டுக்குள்ள வந்தா வாசல்லயே அடிக்குது."

சில புண்களில் சீழ் பிடித்தால், பழுத்து அழுகிய திராட்சை போல ஓர் இனிப்பு வாடை வருமாம். இனிப்பான வாசனையைக் காலரில் குத்திக்கொண்டு அதைத் தேடினால் எங்கே கிடைக்கும்? கட்டைப் பிரித்தபோது உள்ளே பச்சை நிறத்தில் சீழ். டாக்டர் சுத்தம் செய்து மருந்தை மாற்றினார்.

"கால் எப்படி சிஸ்டர்?"

"பொழைச்சுது. உங்க புண்ணியத்துல இல்ல."

மீதிப் பதின்மூன்று வில்லைகளையும் நானே கழற்றினேன். சின்ன நர்ஸ் ஒருத்தி மட்டும், "எனக்குப் புடிச்சிருக்கு சார், பஸ்ல வெச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

பிறகு என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். கோடு போட்ட வார்த்தைகளுக்கு மேலே, 'அரைமணி நேரம்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஆள் போட வேண்டுமென்றால் மூன்று கமிட்டி கூட வேண்டும். அதனால் நானே போனேன்.

"தினம் ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை வரைக்கும் உங்க மேஜையில நான் உக்காந்து போன் எடுக்கறேன். யாராவது மணி அடிச்சா சின்ன சிஸ்டரைக் கூப்பிடறேன். நீங்க அமைதி அறைக்குப் போங்க."

மேலும் கீழும் பார்த்தார். "போன் எடுக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"அதையும் பாத்துடுவோம்."

முதல் நாளே ஒருவர் தண்ணீர் கேட்டார். கொண்டு போனேன். ஆபரேஷனுக்காக வயிற்றைக் காயப் போட்டிருந்தவர். சின்ன நர்ஸ் ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கினாள். இரண்டாம் நாள் முதல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்கு அனுமதி இல்லை. மூக்கக்கா சாப்பிட்டுவிட்டு மெத்தை நாற்காலியில் பத்து நிமிஷம் கண்ணயர்ந்தார். "தூங்கறதுக்கு உங்க எண்ணெய் நல்லாத்தான் இருக்கு" என்றார். கடிதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஒரு கூட்டம். பொருள்: ஊழியர் மனச்சோர்வைக் குறைத்தல். பேசுபவன் நான். திரையில் ஐந்து படம் பாக்கி. கடைசிப் படத்தில் என் வெற்றி இருந்தது. கதவு திறந்தது. டிபன் டப்பாவோடு மூக்கக்கா.

"சார், மணி ஒண்ணு அஞ்சு."

அறை முழுவதும் என்னைப் பார்த்தது. ஒப்புக்கொள்கிறேன், அந்த ஐந்து படங்களையும் ஒரு கணம் ஆசையோடு பார்த்தேன்.

"எங்கய்யா கிளம்பிட்ட?" என்றார் டைரக்டர்.

"போன் எடுக்க சார்."

ஒன்று முப்பத்தைந்துக்கு மூக்கக்கா வாயைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பி வந்தார்.

"அந்தக் கடுதாசி எங்க சார்?"

"பத்திரமா இருக்கு."

"குடுங்க."

என் அறைக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தேன். "கிழிச்சிடப் போறீங்களா?"

"கிழிப்பாங்களா?" நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க லீவு போட்டா உடனே வேணுமில்ல."

அந்த வருஷம் நான் லீவு போடவில்லை.