கொட்டை யாருக்கு

புளியங்கொட்டை மேஸ்திரிக்கு. அது அங்கே வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் வெகுநாள் கேட்கவில்லை.

தொப்பூர் போகிற சாலையோரப் புளிய மரங்களை எங்கள் வீட்டார் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். உலகச் சண்டை நடந்த வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் மிலிட்டரி லாரி ஓட்டப் போய்விட்டார். மரங்கள் என் தலையில் விழுந்தன. கோடை மழைக்கு முன் கொட்டை எடுத்த புளியைச் சேலத்து வியாபாரியிடம் சேர்க்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம் குத்தகை வேறு கைக்குப் போய்விடும். எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

மரம் உலுக்க எங்கள் பங்காளிகள் இருந்தார்கள். ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கத்தான் பெண்கள் வேண்டும். அந்தப் பெண்களை மேஸ்திரி கொண்டுவருவார். தலைக்கு இவ்வளவு என்று கூலியை அவர் கையில் கொடுப்போம். அவர் பெண்களுக்குக் கொடுப்பார். "கமிஷன்னு ஒரு காசு உங்ககிட்ட வாங்கறனா?" என்பார். வாங்கியதில்லை. கொட்டையை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்.

ஒரு நாள் புளி தட்டும் கட்டை பட்டு ஒரு பெண்ணுக்கு விரல் நசுங்கிவிட்டது. மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு எங்க?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அவ எதுக்கு? ஆளு கொறையலீல்ல? உங்களுக்கு என்ன நட்டம்?"

நஷ்டம் இல்லைதான். ஆனாலும் அது எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக வந்தவளிடம் கூலி எவ்வளவு என்று கேட்டேன். நான் கொடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கொட்டைக்கோ அந்த வருஷம் நல்ல கிராக்கி. மாவாக்கி நூலுக்குக் கஞ்சி போட மில்காரர்கள் வாங்கினார்கள். கமிஷன் வாங்காத மேஸ்திரி வீட்டுக்கு ஓடு வேய்ந்தது எப்படி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த வருஷம் மரம் உலுக்குமுன் மேஸ்திரி வந்தார். மிலிட்டரி ரோடு வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், கூலியை ஏற்ற வேண்டும் என்றார்.

"ஏத்துனா பொண்ணுங்களுக்கும் ஏறுமா?"

"அது எங்க பாடு."

"அப்ப வேணாம் மேஸ்திரி. நானே ஆளு வெச்சுக்கறேன்."

அவர் சிரித்தார். "ஏம்மா, சொல்றதக் கேளுங்க. நீங்களே ஆளு வெச்சா ஆளோட வவுறு வரும், புள்ள வரும், காச்ச வரும். எங்கிட்ட எடுத்தா கை மட்டுந்தான் வரும்."

"முழுசாவே வரட்டும்," என்றேன்.

அவருடைய பெண்கள் என்னிடம் வர முடியாது. முன்பணத்தில் கட்டுண்டவர்கள். வத்தல்மலை அடிவாரத்துக்கு நடந்தேன். கேழ்வரகு அறுப்பு முடிந்து பெண்கள் சும்மா இருந்தார்கள். மேஸ்திரிக்குக் கொடுத்த கூலியை அப்படியே உங்கள் கையில் தருகிறேன் என்றேன். நம்பவில்லை. வாய் நீண்ட ஒருத்தி கேட்டாள்: "கொட்ட யாருக்குங்க?"

யோசித்தேன். "உங்களுக்கு."

"களி?"

"மத்தியானம் போடறேன்."

வந்தார்கள். குழந்தைகளோடு வந்தார்கள். மேஸ்திரி சொன்னது ஒன்றும் பொய்யில்லை. வயிறு வந்தது. காய்ச்சலும் வந்தது. நிழலுக்குக் கீற்றுக் கொட்டகை போட்டேன். அதெல்லாம் என் செலவு.

முதல் நாள் நான் களத்தில் இல்லை, மரம் உலுக்கும் இடத்தில் இருந்தேன். அவர்கள் புளி வேலை பார்த்தவர்கள் இல்லை. புளி விரலில் ஒட்டியது. களி உருட்டும்போது கை ஒட்டினால் தண்ணீரில் நனைத்துக்கொள்வோம் அல்லவா, அதே பழக்கத்தில் பானைத் தண்ணீரில் கையை நனைத்து நனைத்து வேலை செய்திருக்கிறார்கள். சாயங்காலம் பார்த்தேன். புளி பளபளவென்று இருந்தது. நல்ல கைகள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மூன்று நாளில் குவியல் கறுத்துப் பூசணம் பிடித்துவிட்டது. தண்ணீர் பட்ட புளி நிற்காது.

சேதி கேட்டு மேஸ்திரி வந்துவிட்டார். ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார்.

"எங்காளா இருந்தா இந்த நட்டம் என்னோடது. இப்ப இது யாராளுங்க, மொதலாளியம்மா?"

"எங்காளு," என்றேன்.

பெண்கள் தலை நிமிரவில்லை. வாய் நீண்டவள்கூடக் கூலி வேண்டாம் என்றாள். கொடுத்தேன். அழுகியதைக் குழியில் கொட்டினோம். மறுநாள் விளக்கெண்ணெய் வாங்கி வந்து வைத்தேன். "கைக்கு இதப் பூசுங்க. பானப் பக்கம் போனா பாத்துக்கோங்க." எண்ணெயும் என் செலவு. அதன்பிறகு ஒரு புளி கெடவில்லை.

பங்காளிகள் பேசினார்கள். மேஸ்திரியிடமே போ, ஆம்பளை இல்லாத வீட்டில் உனக்கெதற்கு இந்த வம்பு என்றார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசி வாரம். எடுத்த புளியெல்லாம் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் வியாபாரியின் வண்டி வரும். பெண்கள் வேலை முடித்துப் போய்விட்டார்கள். பொழுது சாயுமுன் மலைப்பக்கம் கருத்தது. காற்று வந்தது. களத்தில் நான் ஒருத்தி. பாயை இழுத்தேன். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் பறந்தது. போயிற்று என்றுதான் நினைத்தேன்.

சாலையில் கூச்சல் கேட்டது. பாதி வழி போனவர்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் பிள்ளை, தலையில் முந்தானை.

"பாயக் குடுங்க! நிக்கறீங்களே!" என்று வாய் நீண்டவள் என்னை அதட்டினாள்.

"நீங்க எதுக்குடி வந்தீங்க?"

"எங்க கொட்ட இங்கதான கெடக்குது?"

முதலில் கொட்டையைத்தான் மூடினார்கள். பிறகுதான் என் புளி. ஓரத்தில் கொஞ்சம் நனைந்தது. மற்றதெல்லாம் தப்பியது. மழை கொட்டியது. எல்லோரும் கொட்டகைக்குள் நெருங்கி நின்றோம். குழந்தைகள் அழுதார்கள். மேஸ்திரியின் ஆட்களாக இருந்தால் இந்நேரம் ஊர் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. களத்தில் அவர்களுக்கு என்ன கிடந்தது?

வண்டி வந்தது. புளி போனது. மரங்கள் எங்களிடமே இருந்தன.

கணக்குச் சொல்ல வேண்டுமென்றால், அந்த வருஷம் மேஸ்திரி காலத்தைவிடக் கையில் குறைவாகத்தான் நின்றது. களி, எண்ணெய், கொட்டகை, அழுகின குவியல். நின்றது போதும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த பருவத்தில் மேஸ்திரி மறுபடி வந்தார். களத்தோரம் நின்றார்.

"பழைய கூலிக்கே ஆளு தரேன். கொட்டயிலயும் உங்களுக்குப் பாதி."

"கொட்ட என்னுது இல்ல மேஸ்திரி. அவங்களக் கேளுங்க."

அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். வாய் நீண்டவள் கட்டையைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க மேஸ்திரி, ஒக்காருங்க. கூலி கையில. மத்தியானம் களி உண்டு. எண்ணெ அங்க இருக்குது, பூசிக்கிட்டு வாங்க."


களமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் போய்விட்டார்.