லலிதாவின் வலிக்காத பல்

பல் வைத்தியம் என்பது வலியை நம்பிப் பிழைக்கிற தொழில். வலி நின்றுபோன ஆளிடம் நம் படிப்புக்கு மரியாதை கிடையாது. இது புரியாதவர்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை என்பதால், சக பல்வைத்தியப் பாவிகளே, நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்கத்தாவில், டாக்குரியா பக்கம் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு வந்து வாய்த்த ஒரு தம்பதியின் கதை இது.

பதில் சொல்லும் கணவர்

மனைவி லலிதா, கணக்கு டீச்சர். கணவர் சந்தானம், மத்திய அரசில் அதிகாரி. மாற்றலாகி வந்து பெஹாலாவில் குவார்ட்டர்ஸ். லலிதாவின் மேல் முன்பல் ஒன்று சாம்பல் நிறமாகியிருந்தது. "எப்பம்மா வலிச்சது?" என்று லலிதாவைத்தான் கேட்டேன். "விசாகப்பட்டினத்துல இருந்தப்ப ஒரு வாரம்" என்றார் சந்தானம். "சூடா குடிச்சா கூசுதா?" "அவளுக்குக் கூச்சமே கிடையாது டாக்டர்" என்றார் சந்தானம். லலிதா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

எக்ஸ்ரேயில் வேர் நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு கருப்பு வட்டம். பல்லுக்குள் நரம்பு செத்துவிட்டது, அதனால்தான் வலி நின்றது, வியாதி நிற்கவில்லை என்று சொன்னேன். சந்தானம் எனக்காக வருத்தப்படுகிறவர் மாதிரிச் சிரித்தார். "தானா சரியானதைப் போய் எதுக்கு டாக்டர் கிளறணும்?"

மாத்திரை மகாத்மியம்

விடாமல் விளக்கினேன். செத்த பல்லுக்குள் கிருமிகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பிடிக்க உடம்பு அனுப்பும் படை உள்ளே நுழைய முடியாமல் வேர் நுனியில் முகாம் போடுகிறது. முகாமுக்கு இடம் வேண்டுமே, அதனால் உடம்பே தன் தாடை எலும்பைக் கரைக்கிறது. பல் முளைத்த காலத்திலிருந்து அங்கே தூங்கிக்கொண்டிருந்த சில செல்கள் இந்தக் கூச்சலில் விழித்துப் பெருகி ஒரு பையைக் கட்டுகின்றன. பைக்குள் நீர் சேரும். அது சத்தமில்லாமல் வளரும். அதுதான் நீர்க்கட்டி.

சந்தானம் முழுவதையும் கேட்டுவிட்டு ஆன்டிபயாட்டிக் எழுதச் சொன்னார். செத்த பல்லுக்குள் ரத்தம் ஓடாது, மாத்திரை அங்கே போய்ச் சேராது என்றேன். அவரோ எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் ஏற்கெனவே வாங்கி, சட்டைப்பையில் வைத்திருந்தார். சரியா என்று என்னிடம் காட்டி வேறு கேட்டார்! அவர்கள் போனதும் என் உதவியாளர் ரீனா தீதி வங்காள மொழியில் கேட்டாள்: "பல்லு யாரோடது மேடம்?"

அடுத்த ஊரில் பார்த்துக்கொள்வோம்

துர்கா பூஜைக்கு முன்னால் வேர் சிகிச்சையை ஆரம்பித்துவிடலாம் என்று போன் செய்தேன். வசந்தத்தில் சென்னைக்கு மாற்றல் வந்துவிடும், அங்கே பார்த்துக்கொள்கிறோம் என்றார் சந்தானம். மாற்றல் உத்தியோகக் குடும்பங்களை நான் அறிவேன். ஃபிரிட்ஜ் ரிப்பேர், திரைச்சீலை, கண் பரிசோதனை எல்லாமே அடுத்த ஊரில்தான். விசாகப்பட்டினத்து டாக்டரிடம் இதே மனிதர் "கல்கத்தா போய்ப் பார்த்துக்கிறோம்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அதை அவரே பெருமையாகச் சொன்னார். நான் தமிழ்க்காரிதான், இந்த ஊரிலேயே பிறந்தவள் என்று வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன்.

"இருந்தாலும் நம்ம ஊர் டாக்டர்னா மனசுக்கு ஒரு தைரியம் பாருங்க."

தனியாக வந்தவள்

மாற்றல் வரவில்லை. லலிதா வந்தாள், பள்ளிக்கூடப் பையோடு, தனியாக. மேல் அண்ணத்தில் மெத்தென்று ஒரு வீக்கம். அழுத்தினால் முட்டை ஓடு மாதிரி எலும்பு அமுங்கியது. ஸ்கேனில் பார்த்தபோது கட்டி பக்கத்துப் பற்களின் வேர்கள் வரை போயிருந்தது. முதல் நாளே ஆரம்பித்திருந்தால் வேர் சிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடியது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதை யாரிடம் காட்டுவது? ஆபரேஷன் வேண்டும், அந்தப் பல் தப்புவது கஷ்டம், வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்றேன்.

அன்றுதான் முதல் தடவையாக அவள் குரலைக் கேட்டேன். தெளிவான, பின்பெஞ்சு வரை கேட்கிற குரல். "வலி நிக்கவே இல்ல டாக்டர், குனிஞ்சா மூக்குப் பக்கம் கனக்கும், அவர்தான் நின்னுடுச்சுன்னு சொன்னாரு. தேதி குடுங்க."

பாராட்டு விழா

கட்டியை எடுத்தோம், பல் போயிற்று. பக்கத்துப் பற்கள் இரண்டும் தப்பின. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வேறு கெடுதல் எதுவும் இல்லை, வெறும் நீர்க்கட்டிதான் என்று வந்தது. தையல் பிரிக்கிற அன்று சந்தானமும் கூடவே வந்தார். எலும்பு மெல்ல வளர்ந்து குழியை மூடிவிடும் என்று லலிதாவிடம் சொன்னேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"எல்லாம் இந்த ஊர்த் தண்ணிதான் டாக்டர். விசாகப்பட்டினத்துல இவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல."

அன்றிலிருந்து, வாய்க்குள் கண்ணாடியை விடுவதற்கு முன்னால், கூட வந்தவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறேன். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடுகிறது.