ஐந்து சேலைப் போர்வை

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்றரை மாதமும் எங்கள் வீட்டில் இரண்டே வகைச் சமையல்தான். ஒன்று அடிப்பிடித்த அரிசிம்பருப்பு, இன்னொன்று அடிப்பிடிக்காத அரிசிம்பருப்பு. சமைத்தவர் அப்பா.

எழுபதுகளின் கடைசி அது. பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பட்டறையில் அப்பா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு. மஞ்சள்காமாலை முற்றிப்போய் அம்மாவைச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். துணைக்குச் சின்னம்மா போயிருந்தாள். அடுத்த தெருவிலிருந்த அத்தை, அப்பாவின் தங்கை, எங்கள் இருவரையும் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அப்பா சம்மதிக்கவில்லை.

தறியை விட்டு நகர முடியாத மனிதருக்கு மரத்தூள் அடுப்பு தோதாக இருந்தது. மரம் அறுக்கும் மில்லிலிருந்து சைக்கிளில் ஒரு மூட்டைத் தூள் கொண்டுவந்து போட்டார். ஓட்டை போட்ட தகர வாளியின் நடுவில் சோடா பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைத் திணித்து இடித்துவிட்டுப் பாட்டிலை மெல்ல உருவுவார். கீழே தீ வைத்தால் புகைந்து, கனன்று, பாதிப் பகலுக்கு நின்று எரியும். அரிசி, பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி ஏற்றிவிட்டுத் தறிக்குப் போய்விடுவார். மற்றதை அடுப்பு பார்த்துக்கொள்ளும்.

போர்வை வேலை தொடங்கியதற்குக் காரணம் நானும் தம்பியும்தான். அம்மாவின் சேலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டால்தான் அவன் தூங்குவான். எனக்கும் அது வேண்டியிருந்தது, ஆனால் ஒன்பது வயதுக்காரி அதைச் சொல்லக் கூடாது. ஒருநாள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில் கத்தரிப்பூ நிறச் சேலை நடுவில் கிழிந்துவிட்டது. அடி விழும் என்று பயந்தேன். அப்பா கிழிந்த சேலையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆளனுப்பி அத்தையின் பெரிய கத்தரிக்கோலை வாங்கிவரச் செய்தார். அனுப்பப்பட்ட ஆள் நான்தான்.

அந்தக் கோடையில் கரண்ட் அடிக்கடி போகும். தறி நின்றதும் அப்பா வீட்டுக்கு வந்து, சட்டியைத் திறந்து ஒரு கிண்டு கிண்டிவிட்டு, தைக்க உட்கார்ந்துவிடுவார். சேலையைச் சாண் சாணாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் பட்டறைக் கழிவுத் துணிகளை வைத்துத் தறி நூலால் ஓட்டுத் தையல் போட்டார். அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடுகிற விரல்கள் ஊசிக்கு மட்டும் திணறின. கரண்ட் வந்ததும் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு ஓடுவார். வேகிற வெயிலில் யாருக்குப் போர்வை என்று பட்டறையில் கேலி செய்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் பெட்டியைத் திறந்து மாம்பழ நிறச் சேலையை எடுத்தார். அதற்கடுத்து பச்சைக் கட்டம். கிழிந்ததை வெட்டியதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. இவை நல்ல சேலைகள்.

"ஏனுங்கப்பா, அம்மா வந்தா எதைக் கட்டிக்கும்?"

"வந்தா புதுசு எடுத்துக்கலாஞ் சாமி," என்றார், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

நான்காவது சேலையை வெட்டியபோது அத்தை வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "இப்பவே எதுக்குங்ணா இது?" என்றாள். அப்பா என்னைப் பார்த்து, சட்டி அடிப்பிடிக்கிற வாசம் வருகிறது, போய்ப் பார் என்றார். எனக்கு எந்த வாசமும் வரவில்லை. போய்ப் பார்த்தேன், சோறு நன்றாகவே இருந்தது. திரும்பி வந்தால் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேலை மேல் அவளுக்கு ஒரு கண் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவதும் சேர்ந்து போர்வை முடிந்தது. ஓரங்கள் கோணலாக இருந்தாலும் எங்கள் இருவருக்கும் தாராளமாகப் போதும். புழுக்கத்தில் வேர்த்து வழிய அதற்குள்ளேயே கிடந்தோம்.

ஆனி பிறந்து சில நாளில், யாரும் எதிர்பாராதபடி, அம்மா தேறி வீடு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு போர்வையைப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டாகத் தொட்டு இது இன்ன சேலை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சிரித்தாள் என்றுகூட ஞாபகம். பிறகு மாற்றிக் கட்ட ஏதாவது இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே அவளுடைய கூறைப்புடவை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

அம்மா அதை எடுக்காமல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். "இதை மட்டும் உட்டு வெச்சிருக்கறீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. அப்பா அடுப்புப் பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

பிழைப்பது கஷ்டம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அத்தைக்கு அது தெரியும். சுமங்கலியாகச் சாகிறவளுக்குக் கடைசியாகக் கூறைப்புடவையைத்தான் போர்த்துவார்கள் என்பது ஊருக்கே தெரியும். பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்பா சட்டியை விடாமல் கிண்டுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அது ஒசத்திச் சேலைன்னு அப்பா தொடவே இல்லீங்கம்மா," என்றேன்.

அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அப்பாவுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்ட திருப்தியில் நான் விளையாடப் போனேன்.