நேரான சாலையில் சாய்ந்தவள்

கண் ஆஸ்பத்திரிக்காக வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறியிருந்தேன். கண் என்றால் இடது கண்தான், வலது கண் நன்றாகவே இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில், பை மாட்டிய ஒரு மெலிந்த பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாலை நேராகத்தான் போனது. ஆனாலும் அவள் உடம்பு மெல்ல இடப்பக்கம் சாயும், பிறகு வலப்பக்கம் சாயும்.

அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டுக்கு மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அப்படிச் சாய்ந்தால்தான் விழாமல் இருக்கலாம். நானும் முன்பு அங்கே பலசரக்கு கொண்டுபோனவன்.

"எஸ்டேட்டா தாயி? என்ன படிக்குத?"

"ஆமா தாத்தா, எஸ்டேட்டை மூடி எல்லாரையும் மலையிலருந்து கீழ இறக்கிட்டாவள்லா. காலேஜுல புதுசா ஒரு படிப்பு, நமக்கு வேண்டிய பாடத்தைச் சேத்து எடுத்துக்கிடலாம். நான் சட்டம், சரித்திரம், செடி மூணும் எடுத்திருக்கேன்."

"கதம்பம் கட்டுத மாதிரில்லா இருக்கு."

சிரித்தாள். "எங்கப்பாவும் அப்படித்தான் ஏசுதாவ. ஒரே பாடமா மாறு, இல்லன்னா படிக்க வேண்டாம்னுட்டாவ. எதுன்னு இன்னைக்கு காலேஜுல சொல்லணும்."

"மாறிக்கிட வேண்டியதுதான?"

"மலைமேல விட்டுட்டு வந்த எங்க வீட்டுல எங்களுக்கு உரிமை உண்டான்னு சட்டத்துல பாக்கணும். எங்க ஆளுவள மலைக்கு யாரு கூட்டிட்டுப் போனான்னு சரித்திரத்துல பாக்கணும். ஆளில்லாத அடுக்களைக்குள்ள இப்ப என்ன முளைச்சிருக்கும்னு செடிப்பாடத்துல பாக்கணும். எந்த ஒரு பாடத்துலயும் எங்க வீடு முழுசா இல்ல தாத்தா."

காலேஜ் நிறுத்தத்தில் இறங்கிப் போனாள். உள்ளே போய் என்ன சொன்னாளோ, தெரியாது. பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் காலையில் வீட்டில் அடுப்பு எரியும்போது, மலைமேல் அவள் வீட்டு அடுப்புக்குள் எது வேர் விட்டிருக்கும் என்று நினைப்பு வருகிறது.